செஞ்சி மலையும் பாகூர்க் கிணறும்

புதுச்சேரி கடற்கரையில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கிற கருங்கல்லைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த மண்ணில் கிடைத்த கல் இல்லை. நகரத்தில் எங்கே தோண்டினாலும் மணல், களி, செம்மண்தான். கருங்கல் வேண்டுமானால் மேற்கே திண்டிவனம், செஞ்சிப் பக்கம் போக வேண்டும். ஏன் இப்படி?

செஞ்சிக் கோட்டையை 1750ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள். 1761ல் ஆங்கிலேயரிடம் விட்டார்கள். பதினோரு வருஷம்! கோட்டை நிற்கிற மலைக்கோ வயது சுமார் 250 கோடி ஆண்டு.

ஒவ்வொரு கண்டத்துக்கும் நடுவிலே இப்படி ஒரு பழம்பாறை உண்டு. அதைக் 'கிரேட்டான்' என்பார்கள். மரத்துக்கு வைரம் பாய்ந்த நடுக்கட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இமயமலை நேற்று முளைத்த பிள்ளை. அது மடிந்து எழுந்தபோதும் இந்த நடுக்கட்டை மடங்கவில்லை. நம் பக்கத்தில் இருப்பது தார்வார் கிரேட்டான். பெரும்பகுதி கர்நாடகத்தில், விளிம்பு வட தமிழ்நாட்டுக்கு வருகிறது. செஞ்சிப் பாறையும் அந்தப் பழங்குடும்பம்தான்.

அந்தப் பாறை கிழக்கே போகப் போகச் சரிந்து பூமிக்குள் இறங்கிவிடுகிறது. சுமார் 7 கோடி ஆண்டுக்கு முன் அதன்மேல் கடல் ஏறி நின்றது. சேதராப்பட்டு, கரசூர் பக்கத்து நிலத்தில் கிடைத்த கல்லாகிப்போன சிப்பிகளை 1846ல் லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்பவர் ஆராய்ந்து எழுதினார். பிறகு ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின. திருவக்கரையில் கல்மரங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவை அந்த மணலில் புதைந்தவை; வயது 2 கோடி ஆண்டு.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? கிணற்றுக்குத்தான். பழம்பாறைக்குள் தண்ணீர் நிற்க இடமில்லை. மேலே மக்கிய பகுதியிலும் வெடிப்பிலும் உள்ளதுதான் கணக்கு. மணலடுக்கோ தண்ணீரைத் தேக்கி வைக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர், பாகூரில் சம்பந்தி வீட்டுப் போரில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, செஞ்சிக்கு மேற்கே தம் கொல்லையில் அதே ஆழத்துக்குப் போட்டார். புழுதிதான் பறந்தது. அடகு வைத்த நகையை மீட்க மூன்று வெள்ளாமை ஆயிற்று. பக்கத்துக் கிணற்றின் ஆழத்தைப் பார்த்தால் போதாது, அடியில் என்ன கல் என்று தெரிய வேண்டும். நிலத்தடி நீர்த் துறையாரைக் கேட்ட பிறகு போர் போடுங்கள்.

பாகூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் மணலடுக்கு கடலுக்கடியிலும் நீண்டு போகிறது. அளவு மீறி இறைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். கடலோரத்தில் சில இடங்களில் வந்தே விட்டது. நாக்குக்கு உப்புத் தெரியும்போது பயிர் ஏற்கனவே பாதித்திருக்கும். ஆகையால் கோடைக்குக் கோடை அரை லிட்டர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள்.