‘கிடைக்கவில்லை’ என்பது சான்றாகுமா? தமிழ்க் கோப்புகளில் சொல் தேடலின் வரலாறு: மதுரை வட்டார ஆய்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மேசைக் கணினியில் உள்ள தமிழ்க் கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடி, அது கிடைக்காதபோது ‘இச்சொல் வழக்கில் இல்லை’ என்றோ ‘முன்னாய்வுகள் இதனைப் பேசவில்லை’ என்றோ முடிவு கூறும் போக்கு ஆய்வேடுகளில் தலைகாட்டத் தொடங்கியுள்ளது. அத்தகைய முடிவு எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதைத் தமிழ் எழுத்துக் குறியாக்கத்தின் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சொல்லடைவு, தொடரடைவு, எழுத்துரு, குறியாக்கம், ஒருங்குறி, மதுரைத் திட்டம், எழுத்துணரி.

முன்னுரை

வைகைப் பாசனப் பகுதியின் நீர்நிலைப் பெயர்களைத் தொகுத்தபோது, முந்தைய ஆய்வேடுகளின் மின்கோப்புகளை இக்கட்டுரையாளர் ஒரே கோப்புறையில் சேர்த்துவைத்து, ‘கண்மாய்’ என்னும் சொல்லைத் தேட நேர்ந்தது. மதுரைச் சமவெளியின் நீர்நிலைகளைப் பற்றிய ஆய்வேடுகளில் அச்சொல் இல்லாதிருக்க வழியில்லை. ஆயினும் பெரும்பாலான கோப்புகளிலிருந்து ஒரு முடிவும் வரவில்லை. அவற்றுள் ஒன்றைத் திறந்தபோது முதற்பக்கத் தலைப்பிலேயே அச்சொல் இருந்தது. கண் காண்கிற சொல்லைக் கணினி காணவில்லை. ‘கண்மாய்’ போன்ற சொல்லாக இருந்தமையால் ஐயம் எழுந்தது; அருகிய வழக்காக இருந்திருந்தால் ‘இல்லை’ என்றே எழுதியிருக்கக்கூடும். இந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

கணினிக்கு முந்தைய தேடல்

நூலுக்குள் சொல்லைத் தேடும் வசதி தமிழுக்குக் கணினியோடு வந்ததன்று. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் சேர்த்த அரும்பத அகராதிகளும் பெயர் அகராதிகளும் இத்தேவைக்காகவே உருவாயின. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம், 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’யை வெளியிட்டது. புராண, இலக்கியப் பெயர்களை அகரவரிசையில் தொகுத்த அந்நூலை அக்காலத்துத் தேடுபொறி எனல் மிகையாகாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் நூற்சொல்லடைவை வெளியிட்டது. தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகியோர் கணினியைக் கொண்டு தொகுத்த சங்க இலக்கியச் சொல்லடைவு 1992இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. இதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அமைந்திருந்தன.

இவ்வடைவுகளுக்கு ஒரு பொதுப்பண்பு உண்டு. எந்தப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, சொற்களை எவ்வாறு பிரித்தது என்பதை அடைவு தயாரித்தவர் முன்னுரையில் சொல்லிவிடுவார். ஆகவே ஓர் அடைவில் ஒரு சொல் இல்லையென்றால், அந்த ‘இல்லை’யின் எல்லை படிப்பவருக்குத் தெரியும். மேசைக் கணினியின் தேடல் பெட்டிக்கு அத்தகைய முன்னுரை இல்லை.

எழுத்துருக் காலம்

1990களில் மதுரையின் டி.டி.பி. மையங்களில் ஆய்வேடுகள் தட்டச்சாகத் தொடங்கியபோது, அங்கிருந்த கணினிகள் தமிழ் எழுத்தை அறிந்திருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துருக்களே பயன்பட்டன. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு. அச்சுத் தாளில் எல்லாம் ஒன்றாகவே தோன்றும். கோப்புக்குள் ஒன்றோடொன்று ஒட்டாது.

பாமினியில் ‘கண்மாய்’ எவ்வாறு பதிவாகிறது என்று காண்போம். கோப்பினுள் இருப்பவை எஃப், இசட், அரைப்புள்ளி, கே, எச், ஏ, அரைப்புள்ளி என்னும் ஏழு குறிகள். ககரத்துக்கு எஃப், ணகரத்துக்கு இசட், புள்ளிக்கு அரைப்புள்ளி என்பது அவ்வெழுத்துருவின் ஏற்பாடு. பாமினி எழுத்துருவை இட்டால் இக்குறிகள் ‘கண்மாய்’ என்று தோன்றும். தேடுபொறியோ எழுத்துருவைப் பார்ப்பதில்லை. குறிகளை மட்டுமே பார்க்கிறது.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. விண்டோஸ் போன்ற இயங்குதளங்களின் தேடல், ஒவ்வொரு முறையும் கோப்புகளைத் திறந்து படிப்பதில்லை. முன்கூட்டியே கோப்புகளைச் சொற்களாக உடைத்து ஓர் அட்டவணை தயாரித்து, அதிலேயே தேடுகிறது. உடைக்கும்போது அரைப்புள்ளியை நிறுத்தக்குறி எனக் கருதி அங்கே சொல் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே பாமினிக் கோப்பில் ஒவ்வொரு மெய்யெழுத்தும் ஒரு சொல்லெல்லை ஆகிவிடுகிறது. ‘கண்மாய்’ இரு துண்டாகிறது. மேலும், இத்தேடல் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளை வேறுபடுத்துவதில்லை. பாமினியிலோ சிறிய ஜே தகரம், பெரிய ஜே துகரம். ‘மதுரை’யும் ‘மதரை’யும் அட்டவணையில் ஒன்றாகிவிடுகின்றன. மெய்யையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்தும் புள்ளி தமிழ் நெடுங்கணக்கின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்று. அதனை ஒரு தேடல் அட்டவணை வெறும் நிறுத்தக்குறியாக நடத்துகிறது. இதில் தட்டச்சாளர்மீது பிழையில்லை. அவர்கள் பணி தாளில் எழுத்துத் தோன்றச் செய்வது; அதனை அவர்கள் செம்மையாகச் செய்தனர்.

தரப்படுத்தலும் மதுரைத் திட்டமும்

மதுரையின் பெயரைத் தாங்கிய ஒரு முயற்சி இச்சிக்கலை வேறொரு முனையிலிருந்து எதிர்கொண்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கட்டணமின்றி வழங்கினர். மயிலை எழுத்துருவை உருவாக்கியவரும் அவரே. ஆயினும் திட்டம் தனி எழுத்துரு ஒன்றைச் சார்ந்து நிற்கவில்லை. இணையவழி விவாதங்களில் உருவான தஸ்கி என்னும் பொதுக் குறியாக்கத்துக்கு மாறி, பின்னர் ஒருங்குறியையும் ஏற்றது. ஒரே நூலைக் குறியாக்கம் மாற்றி மீண்டும் வெளியிடும் அந்த அலுப்பூட்டும் உழைப்பே அந்நூல்களை இன்று தேடத்தக்கனவாக வைத்திருக்கிறது.

அதே காலத்தில், 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரு குறியாக்கங்களைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. இவை ஒழுங்கின்மையைக் குறைத்தன எனினும், எழுத்து வடிவங்களை இடமிருந்து வலமாகக் காணும் வரிசையிலேயே சேமித்தன. ‘கை’ என்பதில் ஐகாரக் குறி முதலிலும் ககரம் அடுத்தும் பதிவாகும். தஸ்கியும் அவ்வாறே. ஒருங்குறி, ஒலி வரிசையைப் பின்பற்றி மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடமுண்டு. விண்டோஸ் 2000 அதனை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. 1991க்கும் 2010க்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் தட்டச்சான தமிழ் ஆய்வுகளின் பெரும்பகுதி எழுத்துருக் கோப்புகளாகவே எஞ்சியது. அவை பி.டி.எஃப். ஆக்கப்பட்டபோது எழுத்துரு உள்ளே பொதிந்து படிக்கும் வசதி கிடைத்தது. உள்ளிருக்கும் குறிகள் மாறவில்லை. சோத்கங்கா களஞ்சியத்திலிருந்து இறக்கிய தமிழ் ஆய்வேட்டில் ஒரு பத்தியைப் படியெடுத்து ஒட்டியவர்கள், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலைக் கண்டிருப்பர்.

மாற்றியின் எல்லை

இக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகள் உள்ளன. மூல எழுத்துரு இன்னதென்று தெரிந்தால் இவை நன்கு உதவுகின்றன. ஆனால் மூலத்தில் பதிவாகாத வேறுபாட்டை எந்த மாற்றியும் உண்டாக்க இயலாது. எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே குறி. எனவே ‘கௌ’ என்பதும் ‘கெள’ என்பதும் மூலத்தில் ஒன்றே.

இக்குழப்பம் ஒருங்குறியில் நேரடியாகத் தட்டச்சு செய்வோரிடமும் தொடர்கிறது. ‘ஔவையார்’ என்று தேடுவோர், ஒகரமும் ளகரமும் இட்டு ‘ஒளவையார்’ என எழுதப்பட்ட இடங்களை இழப்பர். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஔவையார் பற்றிய கட்டுரைகளைத் தேடித் தொகுக்கும் ஆய்வாளர் இருமுறை தேட வேண்டியிருக்கிறது. ‘ஸ்ரீ’ என்பதற்கும் இரு வகைப் பதிவுகள் உள்ளன.

புணர்ச்சி

குறியாக்கச் சிக்கல் முழுதும் நீங்கியதாகக் கொண்டாலும் இலக்கணம் குறுக்கிடும். மதுரைக்குரிய பழம்பெயர் ‘கூடல்’. இதனைப் புள்ளியோடு தேடினால் ‘கூடலார்’, ‘கூடலில்’ ஆகியன கிடைக்கா. அங்கே லகரத்தை அடுத்து இருப்பது புள்ளியன்று, உயிர்க்குறி. இறுதிப் புள்ளியை நீக்கிக் ‘கூடல’ என்று தேடினால் மூன்றும் அகப்படும். ஆயினும் வல்லினம் வரக் ‘கூடற்’ என்றும், நகரம் வரக் ‘கூடன்’ என்றும் திரிந்த இடங்கள் தப்பும். மறுதலையாக, ஊடலுக்குப் பின் நிகழும் கூடலும் வந்து குவியும். அவற்றை நீக்கப் படிப்பதன்றி வேறு வழியில்லை. ‘கண்மாய்’க்கும் இது பொருந்தும். பேச்சு வழக்குப் பதிவுகளில் ‘கம்மாய்’ என்றிருப்பதைத் தனியே தேட வேண்டும்.

1950களில் வெளிவந்த மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்து அச்சிட்டமையின் பயன் இங்கே புலனாகிறது. எளிய வாசகருக்காகச் செய்யப்பட்ட அப்பணி, சொல்லை அடையாளங் காண்பதற்கும் வழியமைத்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பணியாற்றிய ப. பாண்டியராஜா உருவாக்கி இணையத்தில் வழங்கியுள்ள தமிழ் இலக்கியத் தொடரடைவுகளும் சொற்பிரிப்பு என்னும் இந்தப் பொறுமையான உழைப்பின்மீதே நிற்கின்றன. சங்க இலக்கியத்தைப் பொறுத்தவரை, கோப்புறையில் நேரடியாகத் தேடுவதைவிட இத்தொடரடைவை நாடுவதே தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

படங்களாகிய பக்கங்கள்

மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ 1902 முதல் வெளிவந்த இதழ். அதன் பழைய தொகுதிகள் மின்வருடப்பட்டுக் கிடைக்கும்போது அவை பக்கங்களின் படங்களே. உள்ளே எழுத்தே இல்லை. எழுத்துணரி கொண்டு படத்தை எழுத்தாக்கலாம். டெசராக்ட், கூகுள் எழுத்துணரி ஆகியன இன்றைய அச்சைப் பெரிதும் சரியாகப் படிக்கின்றன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களில் அவை தடுமாறுகின்றன. பழைய அச்சில் ரகரமும் ஆகாரக் காலும் ஒத்திருப்பது மற்றொரு இடர். எனவே எழுத்துணரி வழியாகப் பெற்ற பனுவலில் ‘னை’, ‘லை’ கொண்ட சொல்லொன்று கிடைக்காதது, அச்சொல் இதழில் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று.

தேடல் முறையைப் பதிவு செய்தல்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் இக்கட்டுரையாளர் தம் கோப்புறையை மாற்றியமைத்தார். மூலக் கோப்புகள் தொடப்படவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒருங்குறியில் வெற்றுப் பனுவல் படி ஒன்று எடுக்கப்பட்டு, மூல எழுத்துருவின் பெயர் கோப்புப் பெயரிலேயே சேர்க்கப்பட்டது. கோப்புறை கணினியின் அட்டவணைக்குள் அடங்கியுள்ளதா என்பதும் சரிபார்க்கப்பட்டது. விண்டோஸ் இயல்பாகச் சில கோப்புறைகளையே உள்ளடக்க அளவில் அட்டவணைப்படுத்துவதால், வேறு வட்டகத்தில் இட்ட கோப்புகள் பெயரளவிலேயே தேடப்படும். அதன்பின் ‘கண்மா’, ‘கம்மா’ என்னும் இரு பகுதிகளைத் தேடியபோது, முன்னர் ஒன்றும் தராத ஆய்வேடுகள் முடிவுகளைத் தந்தன.

ஆய்வேட்டின் முன்னுரையில் தேடிய கோப்புகளின் பட்டியல், மூலக் குறியாக்கம், தேடிய சொல்வடிவங்கள், எழுத்துணரிப் பனுவல் எனில் மெய்ப்புப் பார்த்ததா இல்லையா என்பவை ஒரு பக்க அளவில் தரப்பட்டுள்ளன. மாற்ற இயலாத கோப்புகள் சில எஞ்சின. அவற்றின் எழுத்துரு எதுவென அடையாளம் காண முடியவில்லை. அவற்றை அச்சிட்டுப் பக்கம் பக்கமாகப் படித்து, பட்டியலில் ‘கண்ணால் தேடியவை’ எனத் தனியே குறித்துள்ளேன்.