தன்மதிப்பீட்டு உடல்நலம்

"பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு ஒருவர் தரும் பதிலையே அவரது நலத்தின் அளவாகக் கொள்வது தன்மதிப்பீட்டு உடல்நலம் எனப்படும். மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்பது போன்ற நான்கைந்து படிகளில் ஒன்றைச் சொன்னால் போதும். ரத்தப் பரிசோதனை வேண்டாம், மருத்துவரும் வேண்டாம். இதே கேள்வியைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு நாட்டு மக்களின் நலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணிக்கிறார்கள்.

தொடக்கத்தில் இதை மருத்துவருக்கு மலிவான மாற்றாகத்தான் கருதினார்கள். 1950-களில் அமெரிக்க ஆய்வாளர்கள், முதியோர் தம்மைப் பற்றிச் சொல்வது மருத்துவர் முடிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். ட்யூக் பல்கலைக்கழகத்தின் நீண்டகால ஆய்வை வைத்து 1973-இல் ஜார்ஜ் மேடாக்ஸும் எலிசபெத் டக்ளஸும் எழுதிய கட்டுரை அந்தப் பார்வையைத் திருப்பிப் போட்டது. மருத்துவரின் இன்றைய மதிப்பீடு முதியவரின் நாளைய பதிலைக் காட்டியதைவிட, முதியவரின் இன்றைய பதில் மருத்துவரின் நாளைய மதிப்பீட்டை நன்றாகக் காட்டியது.

பெரிய திருப்பம் கனடாவின் மானிடோபாவிலிருந்து வந்தது. அங்கே 1971-இல் 65 வயதைக் கடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்கள். அவர்களில் யார் யார் இறந்தார்கள் என்பதை ஜானா மாஸியும் ஈவ்லின் ஷபிரோவும் பின்தொடர்ந்து, 1982-இல் முடிவை வெளியிட்டனர். "மோசம்" என்றவர்கள் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம், "மிகச் சிறப்பு" என்றவர்களைவிட 2.92 மடங்கு. வயது, பால், வருமானம், பதிவான நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் நின்ற வேறுபாடு இது. 1997-இல் எலன் ஐட்லரும் யேல் பென்யாமினியும் இத்தகைய 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாமே இதையே சொல்லின. ஏன் இப்படி? நாள்பட்ட களைப்பு, குறைந்துவரும் பசி, பெற்றோர் எந்த நோயில் போனார்கள் என்ற நினைவு போன்றவை பெரும்பாலும் மருத்துவக் கோப்பில் ஏறுவதில்லை. சம்பந்தப்பட்டவருக்கு அவை தெரியும். ஃபின்லாந்தின் மர்யா யூல்ஹா 2009-இல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் ஏறத்தாழ இதுதான்.

ஒருவரின் ஆயுளைக் கணிக்க உதவும் கேள்வி, ஒரு நாட்டின் போக்கைக் கணிக்கவும் அதே அளவு உதவுமா? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்க தேசிய உடல்நல நேர்காணல் ஆய்வு 1982-இல் நான்கு படிகளை ஐந்தாக்கியது; அதற்கு முந்தைய எண்களைப் பிந்தையவற்றோடு நேராக ஒப்பிட முடியாது. 1991 முதல் ஒரே குடும்பங்களைத் தொடர்ந்த பிரிட்டிஷ் குடும்பத் தொடர் ஆய்வு, உங்கள் வயதொத்தவர்களோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுவந்தது. 1999 சுற்றில் மட்டும் ஒப்பீடு இல்லாத கேள்வியும் வேறு படிகளும் வந்தன. அந்த ஆண்டின் ஏற்ற இறக்கத்தை உடம்பில் நேர்ந்த மாற்றம் என்று எடுத்துக்கொள்வது பிழை. இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் 2001-இல் மூன்று படிகளாகக் கேட்டதை 2011-இல் ஐந்தாக்கியது.

கேள்வி மாறாவிட்டாலும் பதில் அசையும். 1995-இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் ஒரே நேர்காணலில் இருமுறை கேட்டபோது, 28 விழுக்காட்டினர் வேறு பதில் சொன்னார்கள். அமெரிக்காவின் நான்கு பெரிய ஆய்வுகளை 2009-இல் ஜோஷுவா சாலமனும் உடன் ஆய்வாளர்களும் அருகருகே வைத்தபோது, ஒரே காலத்துக்கு ஒரே மக்களைப் பற்றி அவை முரணான போக்குகளைக் காட்டின. ஒரே ஆட்களைத் தொடரும் ஆய்வில் இன்னொரு தொல்லையும் உண்டு. நோயாளிகள் விலகுகிறார்கள் அல்லது இறக்கிறார்கள். எஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் ஊரே நலமாகத் தெரியும்.

இந்தியாவைப் பற்றிய எச்சரிக்கை அமர்த்தியா சென்னுடையது. ஆயுள் மிகுந்த கேரளத்தார் தமக்கு நோய் அதிகம் என்கிறார்கள். ஆயுள் குறைந்த பீகார் மக்கள் குறைவாகவே சொல்கிறார்கள் என்று 2002-இல் அவர் சுட்டிக்காட்டினார். கல்வியும் மருத்துவ வசதியும் உள்ள இடத்தில் வலிக்குப் பெயர் உண்டு. அவை இல்லாத இடத்தில் வலி வாழ்க்கையின் பகுதியாகிவிடுகிறது. ஆகவே பதில்களை மட்டும் வைத்து மாநிலங்களுக்கு மருத்துவ நிதி பங்கிட்டால், தேவை மிகுந்தவர்களுக்கே குறைவாகப் போய்ச்சேரும்.

இந்தக் கோணல்களைத் திருத்தவே, கற்பனை மனிதர் ஒருவரின் உடல்நிலையை விவரித்து அவருக்கும் ஒரு படி கொடுக்கச் சொல்லி, பதில் சொல்பவரின் அளவுகோலை அறியும் உத்தியை உலக சுகாதார நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் பல நாடுகளில் கையாண்டது. இந்தியாவில் 2017-18-இல் நடந்த நீண்டகால முதுமை ஆய்வின் முதல் சுற்று, தமிழ்நாடு உட்பட நாடெங்கும் 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் தன்மதிப்பீட்டோடு ரத்த அழுத்தம், பிடிவலிமை போன்ற நேரடி அளவுகளையும் சேர்த்துப் பதிவு செய்தது. பதிலையும் உடலளவையும் ஒன்றாக வைக்கும் இந்த வழியே சரியானது. அடுத்தடுத்த சுற்றுகளிலும் கேள்வியின் சொற்களையும் படிகளையும் மாற்றாமல் காப்பது ஆய்வை நடத்துவோரின் முதல் கடமை.