ஃபிளேவனாய்டுகளும் இனப்பெருக்க உறுப்புகளும்

ஃபிளேவனாய்டுகள் என்பவை தாவரங்கள் தமக்கெனத் தயாரித்துக்கொள்ளும் வேதிப்பொருள்கள். புற ஊதாக் கதிரிலிருந்து இலையைக் காப்பதும் பூவுக்கும் பழத்துக்கும் நிறம் தருவதும் இவற்றின் வேலை. 15 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரே சட்டகத்தில் பல்லாயிரம் வகைகள் உண்டு. உயிர்வேதியியலாளர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1936-இல் எலுமிச்சையிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்தபோது ஒரு வைட்டமின் என்றே கருதினார். அக்கருத்து பின்னர் கைவிடப்பட்டது.

ஐதராபாத்தின் வடக்கே அல்வால் ரைத்து பஜாரில் (உழவர் சந்தையில்) தெலுங்கில் ‘முனகாக்கு’ என்று கேட்டால் கிடைக்கும் முருங்கைக்கீரையில் குவர்செட்டின், கேம்ப்ஃபெரால் ஆகிய இரண்டு ஃபிளேவனாய்டுகளும் நிறைந்துள்ளன. தமிழகத்தில் முருங்கைக்கும் ஆண்மைக்கும் முடிச்சுப் போடும் வழக்கம் பழையது. 1983-இல் வந்த ‘முந்தானை முடிச்சு’ திரைப்படம் அதை ஊரறியச் செய்தது. அந்த நம்பிக்கையில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்பது கேட்கத்தக்க கேள்விதான்.

விந்தணுவின் மேலுறையில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. வால் வளைந்து நீந்தத் தேவையான நெகிழ்வை அவையே தருகின்றன. ஆனால் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகள் முதலில் தாக்குவதும் அந்தக் கொழுப்பைத்தான். திறந்து வைத்த எண்ணெய் நாள்பட்டுக் காறிப்போவதும் இதே வினையால்தான். போதாக்குறைக்கு, விந்தணு முதிரும்போது தன் சைட்டோபிளாசத்தில் பெரும்பகுதியை உதறிவிடுகிறது. காப்பு நொதிகளும் அதோடு போய்விடுகின்றன. மிகுந்த ஆக்சிஜனில் மனித விந்தணுக்கள் அசைவிழப்பதை ஆய்வாளர் ஜான் மெக்லியோட் 1943-லேயே காட்டினார். புகைபிடித்தல், விரைநாளப் புடைப்பு, கடும் வெப்பம், காட்மியம், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியன இந்தச் சேதத்தைக் கூட்டும். சூலகத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. அதே சமயம் இம்மூலக்கூறுகளை அடியோடு ஒழிக்கவும் கூடாது. கருவுறத் தயாராவதற்கு விந்தணுவுக்கு அவை சிறிதளவு தேவை.

ஃபிளேவனாய்டுகள் ஹைட்ரஜனைக் கொடுத்து இம்மூலக்கூறுகளைத் தணிக்கின்றன. இரும்பு, செம்பு அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. செல்லின் சொந்தக் காப்பு நொதிகளைத் தூண்டுகின்றன. காட்மியமோ சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தோ கொடுக்கப்பட்ட எலிகளுக்குக் குவர்செட்டினும் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகள் பலவற்றில் விரைத் திசுவின் சேதம் குறைந்திருக்கிறது. ஆனால் அங்கே குவர்செட்டின் நஞ்சுக்கு முன்போ அதனுடனோ போகிறது. அளவும் உணவில் கிடைப்பதைவிடப் பெரிது. மனிதக் குடல் குவர்செட்டினைக் குறைவாகவே உறிஞ்சும். அதையும் குடற்சுவரும் கல்லீரலும் உருமாற்றிவிடும். செறிவு மிகுந்தால் குவர்செட்டினே சேதம் செய்யக்கூடும்; சோயாவின் ஜெனிஸ்டீன் என்ற ஃபிளேவனாய்டு, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொள்ளும்.

எலியில் கண்டது மனிதருக்குச் சிகிச்சையாகிவிடாது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் வைட்டமின் சி, இ, செலினியம் முதலியவை சேர்ந்த மாத்திரை விந்தணுவின் தரத்தை உயர்த்தவில்லை. அவை ஃபிளேவனாய்டுகள் அல்ல என்றாலும், ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்ற பெயரில் விற்கும் பொடிகள் எல்லாவற்றுக்கும் இது எச்சரிக்கை. தவிர, எல்லாக் குறையும் இந்தச் சேதத்தால் வருவதல்ல. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் கு. தங்கராஜ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, விந்தணுவே இல்லாத இந்திய ஆண்களில் 8.5 விழுக்காட்டினருக்கு ஒய் குரோமோசோமின் பகுதிகள் அறுந்துபோயிருந்ததைக் காட்டியது. அதை எந்தக் கீரையும் ஒட்டவைக்காது.

சாப்பாட்டில் சேர்ப்பதற்குத் தடையில்லை. வெங்காயத்தின் குவர்செட்டின் வெளியடுக்குகளில்தான் அதிகம். காய்ந்த சருகை மட்டும் உரித்து, அடுத்த சதையடுக்கை விட்டுவிடுவது நல்லது. கீரை வெந்த நீரிலும் கணிசமாக இறங்கிவிடுவதால் அதைக் கொட்டாமல் ரசத்தில் சேர்க்கலாம்.

குழந்தையில்லாத் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. இருந்தும் நம் வீடுகளில் முதலில் மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவள் பெண்தான். விந்தணு மறுபடி உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். பொடி டப்பாவை நம்பி ஆண்டுகளைக் கழிக்காமல், கணவனும் முதலிலேயே விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.