கடுகும் எண்ணெய்த் துளியும்

பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை என்பது இன்று பாடசாலைச் சிறாரும் அறிந்த செய்தி. ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத அத்துணை நுண்ணிய பொருளின் பருமனை மனிதன் எவ்வாறு அளந்தான் என வினவின், விடை கூற வல்லார் சிலரே. தண்ணீர் நிரம்பிய ஒரு தட்டையும் ஒரு துளி எண்ணெயையும் கொண்டு அவ்விடையை வகுப்பறையிலேயே காட்டிவிடலாம்.

முதலிற் கடுகைக் கொண்டு கணக்கின் வழியை அறியலாம். 15 கன சென்ரிமீற்றர் கடுகை மணிமேல் மணி ஏறாவண்ணம் நெருக்கமாகப் பரப்பினால், அது ஏறத்தாழ 100 சதுர சென்ரிமீற்றர் இடத்தை நிரப்பும். கனவளவைப் பரப்பளவால் வகுக்க வருவது ஒன்றரை மில்லிமீற்றர். ஒரு மணியைத் தனியே எடுத்து அளவாமலே அதன் பருமன் தெரிந்துவிடுகிறது.

இனி எண்ணெய். தண்ணீரின் மேல் மெல்லிய தூளைத் தூவி, அரை மில்லிமீற்றர் குறுக்களவுள்ள ஒலிவ எண்ணெய்த் துளியை நடுவில் இட்டால், அது தூளை விலக்கிக்கொண்டு வட்டமாகப் பரவும். ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் குறுக்களவை எட்டியதும் நின்றுவிடும். ஏன் நிற்க வேண்டும்? ஒரு மூலக்கூற்றின் தடிப்பினும் மெல்லிய படலம் அமைய இயலாமையே காரணம். முன்போலவே வகுத்தால், படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகக் கூறிட்டதில் இரண்டு கூறு என்பது புலனாகும்.

இத்துணை எளிய கணக்கு நெடுங்காலம் எவராலும் செய்யப்படாதிருந்தது வியப்புக்குரியது. இலண்டனை அடுத்த கிளபம் என்னுமிடத்துக் குளமொன்றில் பெஞ்சமின் பிராங்கிளின் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றினார். அது அரை ஏக்கர் அளவுக்குப் பரவி, அலைகளை அடக்கி, நீரைக் கண்ணாடிபோல் ஆக்கிற்று. அவர் அதனை 1774 இல் வெளியிட்டார். தேக்கரண்டியை அரை ஏக்கரால் வகுத்திருப்பின் மூலக்கூற்றின் அளவு அன்றே கிடைத்திருக்கும். ஆனால் அலை அடங்கும் விந்தையே அவர் கருத்தைக் கவர்ந்திருந்தது. வகுத்துப் பார்க்கும் நோக்கம் எழவில்லை.

1808 இல் அணுக்கொள்கையை விரித்துரைத்த தாற்றன் அணுக்களின் ஒப்பு நிறைகளைக் கணித்தாரேயன்றிப் பருமனை அறிந்தாரல்லர். 1865 இல் லொஷ்மிற் வாயுக்களின் இயல்பைக்கொண்டு ஒரு மதிப்பீடு செய்தார். 1890 இல் றேலிப் பிரபு நீர்மேற் பரவிய ஒலிவ எண்ணெய்ப் படலத்தின் தடிப்பை அளந்தார்.

அடுத்த ஆண்டு, ஜேர்மனியின் பிறவுன்சுவைக் நகரிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஆக்னெஸ் பொக்கெல்ஸ் என்னும் பெண். அக்காலத்தில் அவர்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவடைத்திருந்தன. வீட்டுப் பணிகளுக்கிடையே, தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, அதன்மீது ஒரு தகட்டை நகர்த்தி, படலங்களின் இயல்பை அவர் பத்தாண்டளவாக ஆராய்ந்து வந்திருந்தார். றேலி அக்கடிதத்தை மதித்து, ‘நேச்சர்’ இதழில் வெளிவரச் செய்தார். பின்னர் அமெரிக்கரான லாங்மியூர் அதே வகைத் தொட்டியைத் திருத்தியமைத்து ஆராய்ந்து, மூலக்கூறுகள் ஒரு முனை நீரிற் படிய ஓரடுக்காக நிற்கும் முறையை 1917 இல் விளக்கினார்; மேற்பரப்பு வேதியியலுக்காக 1932 இல் நோபெல் பரிசும் பெற்றார்.

அணு உண்மையாகவே உண்டா, அன்றிக் கணக்குக்கு உதவும் கற்பனையா என ஒஸ்வால்ட் போன்ற பேரறிஞரே ஐயுற்ற காலம் அது. பெரினுடைய சோதனைகள் முதலியவற்றைக் கண்டு 1909 அளவில் அவரும் இணங்கினார். எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் பதினெட்டுக் கரியணுக்கள் கோத்த சங்கிலிகள் உள. ஆகவே, படலத்தின் தடிப்பினும் ஓரணுவின் பருமன் மிகச் சிறிதாதல் வேண்டும்: மில்லிமீற்றரின் கோடியில் ஒன்றிரண்டு கூறே. தட்டையும் அளவுகோலையும் கொண்டு அவ்வெண்ணின் அண்மைக்கு வரும் மாணவன், பிராங்கிளின் செய்யாது விட்ட ஒரு வகுத்தலையே செய்து முடிக்கிறான்.