ஆயாக்கொட்டகை முதல் பட்டயக் கல்வி வரை



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் முன்னாள் மாணவர்களின் பெற்றோர் சிலர் தமிழ்ப்பள்ளிக்கு வருவதுண்டு. "மகளுக்கு ஆசிரியராக வேண்டும் என்று ஆசை; ஐந்து 'ஏ' கிடைக்கவில்லை; இனி வழியே இல்லைங்களா?" என்பதே அவர்களின் கேள்வியாக இருக்கும். வழி உண்டு என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும், நம் சமுதாயத்தில் கற்பிக்கும் பணிக்கு வந்தவர்கள் எந்தெந்த வாசல் வழியாக வந்தார்கள் என்ற வரலாற்றை அறிந்துகொண்டால், அந்த விடையின் பொருள் இன்னும் தெளிவாக விளங்கும். அதன்பொருட்டே இக்கட்டுரை.

தோட்டத்துப் பள்ளியும் பகுதிநேர வாத்தியாரும்

இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக 1816ஆம் ஆண்டைக் குறிப்பிடுகிறோம். அவ்வாண்டில் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கப்பட்டது. ஆயினும், நம் கெடா மாநிலத்தில் தமிழ்ப்பள்ளி வேரூன்றியது இரப்பர்த் தோட்டங்களில்தான். 1909ஆம் ஆண்டு பேங்காக் உடன்படிக்கையின்படி கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் மேலாண்மைக்கு மாறியது. அதனையடுத்து கோலமூடா வட்டாரமெங்கும் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களோடு லயங்களும், லயங்களோடு பிள்ளைகளும் பெருகினர்.

கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்று விதித்தது. கெடா அந்தக் கூட்டமைப்பில் சேராத மாநிலம். ஆயினும், இங்கும் தோட்டந்தோறும் பள்ளி என்ற முறையே பரவியது. சட்டம் கேட்டது பள்ளியை. அந்தப் பள்ளிக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்பதைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி, அலுவலகக் கிராணி, மருந்தகப் பணியாளர் ஆகியோரில் ஒருவர் தம் வேலைநேரம் போக வாத்தியாராகவும் இருப்பார். ஒரே கூரையின்கீழ்ப் பல வகுப்புகள் நடக்கும். குறைந்த ஊதியம், உறுதியற்ற பணி, பயிற்சியில்லாக் கற்பித்தல் என்பதே அன்றைய நிலை.

அவர்களை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பயிற்சியும் சான்றிதழும் இல்லாத அந்த மனிதர்கள் இல்லையெனில் நம் பாட்டன் பாட்டிமார் பலருக்கு எழுத்தே அறிமுகமாகியிருக்காது.

ஆயாக்கொட்டகை

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. அதுதான் ஆயாக்கொட்டகை. விடியலுக்கு முன்பே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் சீவச் செல்லும் தாய்மார், கைக்குழந்தையை அங்குத்தான் விட்டுச் செல்வார்கள். ஏணையில் கிடக்கும் பச்சிளங்குழந்தை முதல் ஓடித் திரியும் நான்கு வயதுப் பிள்ளை வரை அனைவரையும் கவனித்துக்கொள்பவர் ஓர் ஆயா. பெரும்பாலும் மரம் சீவ இயலாத வயதை எட்டிய பெண்மணி. பாலூட்டி, உறங்கவைத்து, பாட்டுப் பாடி, கதை சொல்லி வளர்த்தவர் அவர். இன்று நாம் 'குழந்தைப்பருவத் தொடக்கக்கல்வி' என்று கூறுவதன் ஒரு பகுதியை அவர் அன்றே செய்துகொண்டிருந்தார்.

ஆனால், அந்தப் பணி திறனுள்ள பணியாகக் கருதப்படவில்லை. ஆயாவுக்குப் பயிற்சி இல்லை, பதவி உயர்வு இல்லை, அங்கிருந்து வேறோர் இடத்திற்கு ஏறிச்செல்லப் படியும் இல்லை. வாத்தியாராக இருந்தவருக்காவது பின்னாளில் பயிற்சிக்கான வாய்ப்புத் திறந்தது. ஆயாவுக்கோ அந்தக் கதவு நெடுங்காலம் மூடியே கிடந்தது. நம் வரலாற்றில் இது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

பயிற்சியின் வாசல் திறந்த காலம்

போருக்குப் பின் கெடாத் தோட்டங்களில் புதிய விழிப்பு ஏற்பட்டது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் அருகேயுள்ள ஆர்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கு எதிராகப் போராடியது வரலாறு. தங்கள் பிள்ளைகளின் வாழ்வு தங்களுடையதைப்போல் இருத்தலாகாது என்ற எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது.

1951ஆம் ஆண்டு வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாகப் பொதுவான தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தபோது, தமிழரும் சீனரும் அதனை எதிர்த்தனர். 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதனையொட்டி வந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தேசியக் கல்வி முறையில் இடமளித்தன. பொதுவான பாடத்திட்டம் வந்தால் பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டுமல்லவா? அதே 1957இல் நாட்டின் பல நகரங்களில் பகல் பயிற்சி நிலையங்கள் தொடங்கப்பட்டன. விடுதியில் தங்கிப் படிக்க வசதியில்லாதவர்களும் ஆசிரியராவதற்கு அது வழிவகுத்தது.

அதன்பின் படி உயர்ந்துகொண்டே வந்தது. சான்றிதழ் நிலையிலிருந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சி 1996இல் பட்டய நிலைக்கு உயர்ந்தது. என் வயதையொத்த ஆசிரியர்கள் பலர் அந்தப் பட்டயத்தோடுதான் பணியில் சேர்ந்தோம். 2007 முதல் இளங்கலைப் பட்டக் கல்வியாக அது மேலும் உயர்ந்தது. பயிற்சிக் கல்லூரிகள் ஆசிரியர் கல்விக் கழகங்களாயின. அவற்றுள் ஒன்றான சுல்தான் அப்துல் ஹாலிம் வளாகம் நம் சுங்கைப் பட்டாணியிலேயே அமைந்திருப்பது நமக்குப் பெருமை.

இந்த உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆனால், படி உயரும்போதெல்லாம் கீழே நிற்பவர்க்குக் கால் எட்டாமற்போவதும் உண்டு. அத்தகையோர்க்குப் பக்கவாசல் ஒன்று தேவைப்பட்டது. பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர்களாகத் தமிழ்ப்பள்ளியில் நுழைந்து, பள்ளி விடுமுறைகளில் நடத்தப்பட்ட பயிற்சி வகுப்புகளில் படித்து, நிலையான ஆசிரியரானவர்கள் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்களுள் தலைமையாசிரியர்களாக உயர்ந்தவர்களும் உளர்.

பாலர் கல்வி சட்டத்தில் நுழைந்தது

1984இல் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம் இயற்றப்பட்டது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான 'தஸ்கா' எனப்படும் நிலையங்கள் அதன்கீழ்ச் சமூகநலத்துறையில் பதிவு பெற வேண்டும். நான்கு வயது முதல் ஆறு வயது வரையிலான பாலர் பள்ளி, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்வழி தேசியக் கல்வி முறையின் ஒரு பகுதியாயிற்று. இவ்விரண்டும் வெவ்வேறு சட்டங்கள், வெவ்வேறு துறைகள் என்பதைப் பெற்றோர் நினைவிற்கொள்க. 2010இல் தேசியப் பாலர்பள்ளித் தர ஆவணம் வந்தது. 2013 முதல் 2025 வரையிலான கல்விப் பெருந்திட்டம், பாலர் பள்ளி ஆசிரியர்கள் குறைந்தது பட்டயக் கல்வியாவது பெற்றிருக்க வேண்டும் என்ற இலக்கை வைத்தது.

ஆயாக்கொட்டகையின் காலத்திலிருந்து எண்ணிப் பார்த்தால் இது எத்துணைப் பெரிய மாற்றம்! சிறு குழந்தைக்குக் கற்பிப்பது எவரும் செய்யக்கூடிய எளிய வேலையன்று, கற்றுத் தேர வேண்டிய துறை என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

சமூகக் கல்லூரி என்னும் இடைப்படி

உலகில் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே எதிர்கொண்ட நாடு அமெரிக்கா. 1965இல் ஏழைக் குழந்தைகளுக்காக 'ஹெட் ஸ்டார்ட்' திட்டம் அங்குத் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கில் பாலர் ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். அந்தந்த வட்டாரத்துத் தாய்மாரே உதவியாளர்களாகச் சேர்ந்தனர். 1970களில் அவர்களின் பணித்திறனை மதிப்பிட்டு வழங்கும் குழந்தை வளர்ச்சிச் சான்றிதழ் உருவானது. வீட்டருகே இருந்த சமூகக் கல்லூரிகளில் ஈராண்டுப் படிப்பை முடித்து, பின்னர்ப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் வழியும் அமைந்தது. 2007இல் அங்குத் தகுதி மேலும் உயர்த்தப்பட்டது. ஆயினும், ஏறிச்செல்லப் படிகள் ஏற்கெனவே இருந்தன.

நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் 2001இல் தொடங்கின. சுங்கைப் பட்டாணியிலும் ஒன்று உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் உயர்ந்த தேர்ச்சி பெறாதவர்களும் சான்றிதழ்க் கல்வி பயில அவை இடமளிக்கின்றன. அவற்றுள் சில, குழந்தைப் பராமரிப்பும் தொடக்கக்கல்வியும் சார்ந்த சான்றிதழ்ப் படிப்பை நடத்துகின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு என்பது மாறக்கூடியது. ஆதலால், விண்ணப்பிக்கும் ஆண்டில் நேரடியாகக் கேட்டறிதல் நலம்.

வழியைச் சுருக்கமாகக் கூறுகிறேன்:

முதற்படி, சான்றிதழ். நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் இது மூன்றாம் நிலை.

இரண்டாம் படி, பட்டயம். இது நான்காம் நிலை. பாலர் பள்ளி ஆசிரியராவதற்கு உரிய தகுதி இங்குக் கிடைக்கிறது.

மூன்றாம் படி, இளங்கலை. இது ஆறாம் நிலை.

ஏற்கெனவே பாலர் பள்ளிகளில் வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. மலேசியத் தகுதி நிருணய அமைப்பு, பணி அனுபவத்தை மதிப்பிட்டு உயர்கல்வி நுழைவுக்கு வழிவிடும் முறையை நடைமுறைப்படுத்தியுள்ளது. 'ஏப்பல்' என்று அழைக்கப்படும் அம்முறையில், பட்டயக் கல்விக்கு 20 வயதும் இளங்கலைக்கு 21 வயதும் நிறைந்து, துறைசார்ந்த அனுபவம் உடையவர்கள் விண்ணப்பிக்கலாம். பழைய ஆயாக்களுக்குக் கிடைக்காத படி இதுவே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இவ்வழியே பட்டம் பெற்ற எல்லாரும் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராகிவிடுவர் என்று எண்ணலாகாது. அரசாங்கப் பணியமர்த்தம் கல்விச் சேவை ஆணையத்தின் பொறுப்பு. ஆசிரியர் கல்விக் கழகத்தில் நேரடியாகச் சேர எஸ்.பி.எம். தேர்வில் ஐந்து சிறப்புத் தேர்ச்சிகள் வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆதலால், இந்த இடைப்படி முதலில் கொண்டுசெல்வது தனியார், பொது அமைப்புப் பாலர் பள்ளிகளுக்கே. அங்கு ஊதியம் பல இடங்களில் குறைவு. இதனை மறைத்துப் பிள்ளைகளுக்கு ஆசைகாட்டுவது முறையன்று.

நாம் செய்யக்கூடியது

விடுதலையடைந்த 1957ஆம் ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 500க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகருக்குக் குடிபெயர்ந்தனர். ஆயாக்கொட்டகைகளும் மறைந்தன. இன்று சுங்கைப் பட்டாணித் தாமான்களில் வாழும் நம் இளம் பெற்றோர், நான்கு வயதுக் குழந்தையை எந்தப் பாலர் பள்ளியில் விடுகிறார்களோ, பெரும்பாலும் அந்த மொழிவழியே முதலாம் ஆண்டுப் பள்ளியையும் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழறிந்த, முறையாகப் பயின்ற பாலர் பள்ளி ஆசிரியர் இல்லையெனில் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பறைக்குப் பிள்ளை வருவது அரிது.

ஆதலால், ஆசிரிய நண்பர்களே, ஐந்து 'ஏ' பெறாத முன்னாள் மாணவி உங்களைத் தேடி வந்தால், "அடுத்த முறை பார்க்கலாம்" என்று அனுப்பிவிடாதீர்கள். விண்ணப்பப் படிவத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள். பாலர் வகுப்பில் உதவியாளராகப் பணியாற்றும் அம்மையாரிடம் ஏப்பல் முறையைப் பற்றிச் சொல்லுங்கள். அனுபவச் சான்றுகளை இப்போதிருந்தே தொகுத்து வைக்குமாறு வலியுறுத்துங்கள். பெற்றோர்களே, "குழந்தை பார்க்கும் வேலைதானே" என்று உங்கள் மகளின் விருப்பத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

கிராணியும் கங்காணியும் தொடங்கி வைத்த கற்பித்தல் பணி இன்று பட்டதாரிகளின் கையில் இருக்கிறது. ஆயாக்கள் தொடங்கி வைத்த பணியும் அவ்வாறே உயர்வதற்கு, அந்தப் படியில் ஏற விரும்புபவர்க்குக் கைகொடுப்போம்.

வாழ்க தமிழ்.