துவிச்சக்கரவண்டி தந்த சொற்கள்

ஒரு புதிய பொருள் ஒரு நாட்டுக்குள் நுழையும்போது அது தனித்து வருவதில்லை. தன் பெயரையும் தன் உறுப்புகளின் பெயர்களையும் உடன் அழைத்துக்கொண்டே வருகிறது. வந்த பொருளை மக்கள் ஏற்றுக்கொள்வது எளிது. வந்த பெயரை என்ன செய்வது என்பதுதான் சிக்கலான கேள்வி. அதனை அப்படியே எடுத்தாள்வதா? நம்முடைய நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதா? அன்றி முற்றிலும் புதிதாக ஒரு சொல்லைப் படைப்பதா? இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவரும் விடை அவர்களுடைய துவிச்சக்கரவண்டியிலே அடங்கியிருக்கிறது. அதனை அறிய ஏடுகளைப் புரட்டவேண்டியதில்லை. சைக்கிள் திருத்தும் கடை வாயிலில் ஒரு நாழிகை நின்றாலே போதும்.

முதலில் வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1817 ஆம் ஆண்டில், யேர்மனியின் மான்ஹைம் நகரிலே கார்ல் திரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி, இடையில் அமர்ந்து, கால்களால் நிலத்தை உந்திச் செல்லும் கருவி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதிலே மிதிகட்டை இல்லை. 1860களில் பாரிஸ் நகரத்தார் முன்சக்கரத்தில் மிதிகட்டையைப் பூட்டினர். 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரைச் சேர்ந்த ஜோன் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறையச் சம அளவான இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட 'றோவர்' வண்டியை வெளியிட்டார். 1888 இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், காற்றடைத்த இறப்பர் உறைக்குக் காப்புரிமை பெற்றார். இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து உருவானதே இன்று நாம் காணும் வண்டி.

'பைசிக்கிள்' என்னும் பெயரும் 1860களில் பிரான்சிலே தோன்றி ஆங்கிலத்துக்குச் சென்றதேயாகும். 'பை' என்பது இரண்டு எனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டு. 'சிக்கிள்' என்பது சக்கரத்தைக் குறிக்கும் 'குக்லொஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஆகவே ஆங்கிலேயரும் இந்தப் பெயரைப் பொறுத்தவரையில் இரவல் வாங்கியவர்களே.

இலங்கையில் எழுத்துத் தமிழ் இதற்குத் 'துவிச்சக்கரவண்டி' என்று பெயரிட்டது. அரசாங்க அறிவித்தல்களிலும் செய்தித்தாள்களிலும் நாம் காண்பது இச்சொல்லையே. 'துவி' என்பது இரண்டைக் குறிக்கும் வடசொல். 'சக்கரம்' என்பதும் வடசொல்லே. இங்கு ஒரு விந்தையைக் கவனிக்கவேண்டும். வடமொழித் 'துவி'யும் இலத்தீன் 'பை'யும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை; வடமொழிச் 'சக்கர'மும் கிரேக்கக் 'குக்லொ'ஸும் ஒரே மூலத்தின் இரு வடிவங்கள் என்று மொழிநூலார் தெளிவாக நிறுவியிருக்கின்றனர். ஆகவே பைசிக்கிளை விலக்கிவிட்டுத் துவிச்சக்கரத்தை அழைத்து வந்தவர்கள், ஒரு விருந்தாளியை அனுப்பிவிட்டு அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரை வீட்டுக்குள் அழைத்தவர்களே ஆவர். அச்சொல்லில் நாமாகச் சேர்த்தது ஈற்றிலுள்ள 'வண்டி' ஒன்றுதான்.

தமிழ்நாட்டார் படைத்த 'மிதிவண்டி' என்னும் சொல் வேறு வகையானது. அது வினைத்தொகை. மிதித்த வண்டி, மிதிக்கின்ற வண்டி, மிதிக்கும் வண்டி என முக்காலமும் அதனுள் அடங்கி நிற்கின்றன. சிங்கள எழுத்து வழக்கிலுள்ள 'பாபெதிய' என்பதும் காலால் செலுத்துவது என்னும் பொருளையே தருகிறது. சக்கரங்களை எண்ணிப் பெயரிடுவது ஒரு முறை. மனிதன் செய்யும் தொழிலைப் பார்த்துப் பெயரிடுவது இன்னொரு முறை. இரண்டாவது முறை நம் மொழியின் இயல்புக்கு நெருங்கியது என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

இனி, வீதிக்கு வருவோம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே துவிச்சக்கரவண்டி என்று சொல்லி வண்டியைத் தேடுபவர் எவரும் இலர். 'சைக்கிள்' என்பதே யாவர் நாவிலும் வழங்கும் சொல். மலையும் ஆறும் அற்று, சுண்ணக்கல்லின்மேல் பாய் விரித்தாற்போல் கிடக்கும் இந்தச் சமதரையில், சைக்கிளைப்போல் உகந்த ஊர்தி வேறில்லை. ஆசிரியரும், தோட்டக்காரரும், மீன் விற்பவரும், பாடசாலைப் பெண்பிள்ளைகளும் அதனையே நம்பினர். இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலுள்ள றலி வீதியில் தொடங்கிய ஒரு தொழிற்கூடம், அவ்வீதியின் பெயரையே தன் வண்டிக்குச் சூட்டியது. அந்தப் பெயர் கடல் கடந்து வந்து, 'றலிச் சைக்கிள்' என்று நம்மவர் பெருமையோடு சொல்லும் பெயராயிற்று.

வண்டியோடு அதன் உறுப்புகளின் பெயர்களும் வந்தன. ஹான்டில், பெடல், செயின், பிறேக், றிம், பார், கரியர், மட்காட், டைனமோ என்பன அவை. ரயர், ரியூப் என்பவற்றையும் சேர்த்துக்கொள்க. இவ்விரண்டையும் தமிழ்நாட்டார் டயர், டியூப் என்று எழுதுவர். வேறுபாடு வெறும் எழுத்து வேறுபாடன்று, செவியின் வேறுபாடு. ஆங்கிலத்தில் இச்சொற்களின் முதலொலி, நாநுனி மேற்பல்லின் பின்னுள்ள அண்பல்லைத் தொடப் பிறப்பது. தமிழ்நாட்டார் செவிக்கு அது டகரம் போல் ஒலித்தது. யாழ்ப்பாணத்தார் செவிக்கோ 'வெற்றி', 'காற்று' என்னும் சொற்களில் வரும் றகர ஒலிபோல் கேட்டது. மொழி முதலில் றகரம் வாராது என்ற மரபும் உண்டு. எனவே ரகரத்தை முன்வைத்து எழுதி, நாவினால் வேறாக ஒலித்தனர். பிறமொழிச் சொல் தன் எழுத்தை விட்டுத் தமிழெழுத்தோடு பொருந்திவரவேண்டும் என்று வடசொல்லுக்குத் தொல்காப்பியர் வகுத்த நெறி, பல நூற்றாண்டுகளின் பின்னர் ஒரு சைக்கிள் கடையிலே இவ்வாறு நிறைவேறியது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சக்கரம் நமக்குப் புதிதா? இல்லையே! மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் நம்மிடம் பெயர் இருந்தது. நடுவிலுள்ளது குடம், குறடு என்றும் கூறுவர். அதிலிருந்து விரிவன ஆர்க்கால்கள். அவற்றை வளைத்து நிற்பது வட்டை. ஊடே செல்வது அச்சு. இத்தனை சொற்கள் கைவசம் இருக்க, சைக்கிள் வந்தபோது றிம்மும் ஸ்போக்கும் எவ்வாறு நுழைந்தன?

காரணம் இதுவே. மாட்டுவண்டியைச் செய்தவர் நம்மூர்த் தச்சர். மரத்தை அறுத்து, செதுக்கி, பொருத்தும் ஒவ்வொரு படியிலும் அவருக்குச் சொல் வேண்டியிருந்தது. சைக்கிளோ பெட்டியிலே முழுமையாக வந்தது. அதன் உறுப்புகளை எவரும் இங்கே செய்யவில்லை. கடையிலே கேட்டு வாங்கினர். விற்பவரிடம் இருந்த பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. பட்டியலிலுள்ள பெயரைச் சொன்னால்தான் சாமான் கிடைக்கும். ஒரு பொருளைச் செய்கின்றவனே அதற்குப் பெயரிடுகிறான். வாங்குகின்றவன் அந்தப் பெயரையும் சேர்த்தே வாங்குகிறான்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் யாழ்ப்பாணத்திலேயே உண்டு. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நூற்றுக்கணக்கான கலைச்சொற்களை ஆக்கினார். அந்த அறிவு நூலின் வழியே வந்தது. நூலை எழுதியவர் சொற்களைத் தேடினார். மாணவர் அவற்றைப் பயின்றனர். சைக்கிள் திருத்துவதற்கோ நூலும் இல்லை, வகுப்பும் இல்லை. கையும் கண்ணுமே ஆசான்கள். நூலின் வழியே வந்த அறிவுக்கு நூற்சொல் வாய்த்தது. கடையின் வழியே வந்த பொருளுக்குக் கடைச்சொல் வாய்த்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. துருக்கி நாட்டைப் பாருங்கள். அங்கே சைக்கிளுக்குப் பெயர் 'பிசிக்லெத்'. அது பிரெஞ்சுச் சொல். கைபிடி 'கிதோன்', இருக்கை 'செலே', தடுப்பு 'பிரென்', வட்டை 'ஜான்த்'. இவையனைத்தும் பிரெஞ்சு மொழியிலிருந்து சென்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து துருக்கியக் கற்றோருக்கு மேலைநாட்டு வாயிலாக இருந்தது பிரெஞ்சு. நமக்கு ஆங்கிலம் இருந்ததுபோல. 1928 இல் துருக்கியர் தங்கள் எழுத்தையே மாற்றினர். 1932 இல் மொழிக்கழகம் ஒன்றை நிறுவி, பல நூற்றாண்டுகளாக வழங்கிய அரபு, பாரசீகச் சொற்களைப் பெருமளவில் களைந்தனர். அத்துணைத் தீவிரமான இயக்கமும் சைக்கிளின் பிரெஞ்சுப் பெயர்களைப் பெயர்க்கவில்லை. ஆயினும் அவர்கள் சைக்கிளில் ஏறுவதும், பெடலைச் சுழற்றுவதும் தூய துருக்கிய வினைகளாலேதான். சக்கரத்துக்கும் 'தெகெர்லெக்' என்னும் சொந்தப் பெயரே நிலைத்தது.

நேயர்களே, நாம் கருதிப் பார்க்கவேண்டிய இடம் இதுவே. பெயர்ச்சொல் விற்பவனிடமிருந்து வருகிறது. வினைச்சொல் பயன்படுத்துபவனிடமிருந்து பிறக்கிறது. யாழ்ப்பாணத்தார் சைக்கிளைப் பற்றிப் பேசும் வினைகளை எண்ணிப் பாருங்கள். ரயருக்குக் காற்றடிக்கிறார்கள். ரியூப்பை ஒட்டுகிறார்கள். செயினை இறுக்குகிறார்கள். தமிழ்நாட்டார் சைக்கிளை ஓட்டுவர். இங்குள்ளவரோ சைக்கிள் ஓடுவர். ஓட்டுதல் என்றால் ஓட்டுபவன் வேறு, ஓடுவது வேறு. ஓடுதல் என்றால் மனிதனும் வண்டியும் ஒன்றாகிவிடுகின்றனர்.

இவை எல்லாவற்றுக்கும் மணிமுடியாக நிற்பது 'உழக்குதல்' என்னும் வினை. பெடலை மிதிப்பதை யாழ்ப்பாணத்தார் மிதித்தல் என்று கூறார், உழக்குதல் என்பர். மிதித்துத் துவைத்தல், கலக்குதல், உழுதல் என்று அகராதிகள் இதற்குப் பொருள் கூறும். பழந்தமிழ்ச் சொல் இது. வல்லை வெளியிலே எதிர்காற்று மார்பில் மோத, முன்னே குனிந்து, மூச்சிரைக்கப் பெடலை அழுத்துபவரைப் பார்த்தவர்களுக்கு இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். மிதித்தல் ஒருமுறை செய்யும் செயல். உழக்குதல் விடாது தொடரும் உழைப்பு.

தமிழ்நாட்டுக் கடைகளிலும் இத்தகைய முத்து ஒன்று உண்டு. வளைந்த சக்கரத்தை நேராக்குவதை அங்கே 'கோட்டம் எடுத்தல்' என்பர். திருவள்ளுவர் நடுவுநிலைமையைக் கூறும் அதிகாரத்திலே சொல்லின் கோணலைக் குறிக்க ஆண்ட சொல் கோட்டம். அதே சொல்லை, எண்ணெய் படிந்த கையோடு ஒரு தொழிலாளி சக்கரத்தின் கோணலுக்கு ஆளுகிறார். பள்ளியில் கற்று அவர் இதனைச் சொல்லவில்லை. மொழி அவருடைய கையிலேயே இருக்கிறது.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது இந்த வண்டியின் மதிப்பைக் குடாநாடு முழுமையாக உணர்ந்தது. யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது; 2014 ஒக்ரோபரிலேதான் மீண்டும் வந்தது. மின்சாரம் அற்றது. எரிபொருளுக்கும் வானொலி மின்கலங்களுக்கும் தடை விதிக்கப்பட்டது. நோயாளியும் விறகும் நெல்மூடையும் சைக்கிளிலேதான் சென்றன. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, குடும்பத்தின் உடைமை என்பது கரியரிலும் பாரிலும் கட்டக்கூடிய அளவினதாகவே இருந்தது.

வானொலி நேயர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றும் இதிலே உண்டு. மின்கலம் இல்லாத அக்காலத்தில் வானொலிப் பெட்டிக்கு உயிர் கொடுத்தது சைக்கிளின் டைனமோ. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையாற் சுழற்ற, மற்றவர்கள் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர். சுழற்றும் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்தது. டைனமோ என்பது தமிழ்ச் சொல்லா என்று அப்போது எவரும் கேட்கவில்லை. அத்தனை இரவுகள் ஒரு மக்களோடு கூடியிருந்த சொல்லை அயற்சொல் என்று தள்ளிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்படியாயின் கலைச்சொல் ஆக்கம் வேண்டாவா? வேண்டும். மிதிவண்டி போன்ற நல்ல சொல் கிடைக்குமிடத்து அதை வரவேற்போம். ஆனால் பெயர்களைப் பற்றியே வாதிட்டுக்கொண்டிருந்து, வினைகளை நழுவவிடுகிறோமே என்பதுதான் என் கவலை. இன்று ஒழுங்கைகளை மோட்டார் சைக்கிள்கள் நிறைத்துவிட்டன. அவற்றை உழக்கவேண்டியதில்லை. உழக்குகின்றவர் குறைந்தால் உழக்குதலும் குறையும். சைக்கிள் என்ற பெயர் போனால் வேறொரு பெயர் வரும். உழக்குதல் போனால் அதன் இடத்துக்கு வருவதற்கு ஒன்றுமில்லை.

1842 ஆம் ஆண்டிலே, வேறெங்கும் அத்தகைய முயற்சி அரிதாயிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தார் தமிழுக்குத் தமிழிலேயே பொருள் கூறும் அகராதியை அச்சிட்டு வெளியிட்டனர். அந்த மரபில் வந்தவர்களுக்கு இன்று ஒரு சிறு கடமை உண்டு. முதிய சைக்கிள் திருத்துநர் இருக்கும்போதே அவர்களிடம் சென்று, அவர்கள் வழங்கும் சொற்களை, முக்கியமாக வினைகளை, எழுதிக்கொள்ளவேண்டும். ஒரு மாணவன் தன் கட்டுரையிலே 'சைக்கிளை உழக்கினேன்' என்று எழுதினால், அதைப் பேச்சு வழக்கென்று ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிடலாகாது. அவன் எழுதியது தவறன்று. வாங்கிய வண்டியின்மேல் ஏறி அமர்ந்திருக்கும் நம் சொந்தச் சொல் அது.