நாசில் துளைக்குள் ஒரு நூற்றாண்டு



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கிறான். "சார், வண்டி மேட்டில் இழுக்க மாட்டேங்குது. நாசிலைப் பெருசாப் போட்டா இழுவை கூடும்னு பட்டறையில் சொல்றாங்க. போடலாமா?" என்று கேட்டான். வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடம் இதையா கேட்பது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அவன் சரியான ஆளிடம்தான் கேட்டான். "நாளைக்குச் சொல்கிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, இரவெல்லாம் பழைய நினைவுகளோடு உட்கார்ந்திருந்தேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? ருடால்ஃப் டீசல், 1858இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். காற்றை மிக அழுத்தினால் அது கொதிக்கும், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும், தீப்பொறி வேண்டாம். இதுதான் அவருடைய எண்ணம். 1893இல் ஆக்ஸ்பர்க் நகரில் முதல் சோதனை நடந்தது. இயந்திரம் தன் சக்தியில் ஓடவில்லை. அழுத்தம் அளக்கும் கருவிதான் வெடித்துச் சிதறியது. அவர் விடவில்லை. 1897இல் அதே ஊரில் பேராசிரியர் ஷ்ரோட்டர் முன்னிலையில் அந்த இயந்திரம் எரிபொருளின் சக்தியில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. அன்றைய நீராவி இயந்திரங்கள் இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

ஆனால் அந்த இயந்திரம் ஒரு ஆளைவிட உயரம், பல டன் எடை. காரணம் என்ன? எரிபொருளை உள்ளே செலுத்துவதுதான் பெரும்பாடு. அழுத்தத்தில் இருக்கும் காற்றுக்குள் எண்ணெயைத் தள்ள, அதைவிட அதிக அழுத்தம் வேண்டும். வெறும் எண்ணெயைத் தள்ளும் நுட்பமான பம்பு அன்று இல்லை. அதனால் தனியாக ஒரு காற்று அமுக்கியை வைத்து, அந்தக் காற்றின் வேகத்தில் எண்ணெயைச் சிதறடித்தார்கள். இயந்திரம் தரும் சக்தியில் ஒரு பங்கை அந்த அமுக்கியே தின்றுவிடும். கப்பலுக்கும் மின் நிலையத்துக்கும் அது சரி. லாரிக்கு எப்படி ஏற்றுவது? டீசல் 1913இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த கப்பலிலிருந்து காணாமல் போனார். தன் இயந்திரம் லாரிகளில் பரவுவதை அவர் பார்க்கவே இல்லை.

வழி திறந்தது இரண்டு பக்கத்திலிருந்து. பென்ஸ் நிறுவனத்தின் ப்ராஸ்பர் லோராஞ்ச், 1909இல் சிலிண்டருக்கு முன்னால் ஒரு சின்ன அறை வைத்து அதில் எண்ணெயைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் காற்று அமுக்கி தேவையில்லை. 1924இல் பென்ஸ், மான் இரண்டு நிறுவனங்களும் டீசல் லாரியைக் காட்சிக்கு வைத்தன. மான் லாரியில் எண்ணெய் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பாய்ந்தது.

மறுபக்கம் ராபர்ட் பாஷ். பெட்ரோல் வண்டிகளுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவால் வளர்ந்தது அவர் நிறுவனம். தீப்பொறியே வேண்டாத இயந்திரத்துக்கு அவர் 1922இல் பம்பு செய்யத் தொடங்கினார். 1927இல் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்கும் நிலை வந்தது. அதன் பிறகுதான் டீசல் லாரி உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 1951இல் பெங்களூரில் மைகோ தொடங்கப்பட்டது. 1954இல் டாடா–பென்ஸ் லாரிகளும் வந்தன. நாசில் என்றாலே நம் ஊர்ப் பட்டறைகளில் மைகோ என்று சொல்லுமளவுக்கு அந்தப் பெயர் ஊறிப்போனது.

அந்த நாசில் செய்யும் வேலையைக் கொஞ்சம் யோசியுங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1000 முறை எண்ணெய் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் கிடைப்பது வினாடியில் சில நூறில் ஒரு பங்கு நேரம். பழைய லாரிகளில் சுமார் 200 பார் அழுத்தம் வந்ததும் ஸ்பிரிங்கை எதிர்த்து ஊசி எழும்பும். எண்ணெய் பனிபோலப் பாயும். ஊசி சட்டென்று உட்கார வேண்டும். உட்காராமல் ஒரு சொட்டு ஒழுகினாலும் அது எரியாமல் புகையாகும், அல்லது பிஸ்டன் தலையிலேயே எரியும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை.

1974இல் எனக்குப் பதினாறு வயது. அப்பா சங்ககிரிப் பக்கம் சொந்த லாரி வைத்து ஓட்டினார். அம்மாவின் நகையெல்லாம் அந்த வண்டிக்குள்தான் இருந்தது. பாரம் கூட ஏற்றினால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலை. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் யாரோ சொன்னதைக் கேட்டு, வேறு இன்ஜினின் பெரிய துளை நாசிலைப் போட்டு, பம்பையும் திறந்துவிட்டார்கள். இரண்டு மாதம் வண்டி பறந்தது. கரும்புகை வந்தது, அப்பா அதைச் சக்தி என்று நினைத்தார். ஒரு கோடை நாளில் தொப்பூர் மேட்டில் இன்ஜின் இறுகி நின்றது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழுந்திருந்தது. வண்டி கடனுக்குப் போயிற்று. அப்பா கடைசிவரை இன்னொருவர் வண்டிதான் ஓட்டினார். "நீ ஸ்டீரிங்கைத் தொடாதே, சாக்பீஸைத் தொடு" என்று என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். உங்களுக்கு நான் வாத்தியாராகக் கிடைத்தது அந்த நாசிலால்தான்.

என்ன தப்பு நடந்தது என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. ஒரு கணக்கு போடுங்கள். துளையின் விட்டம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும். பம்பையும் திறந்துவிட்டதால் எண்ணெயும் கூடியது. ஆனால் ஒரு கிலோ டீசல் எரிய சுமார் பதினாலரை கிலோ காற்று வேண்டும். காற்று கூடவில்லையே! மிச்ச எண்ணெய் கரும்புகையாகும்; சிலிண்டர் சுவரைக் கழுவி இன்ஜின் ஆயிலில் இறங்கும்; சூடு ஏறும். கரும்புகை என்பது சக்தி அல்ல, எரியாத காசு.

நூறு வருட வரலாறும் இதையே சொல்கிறது. பெரியவர்கள் துளையைப் பெரிதாக்கிச் சக்தி தேடவில்லை. துளையைச் சிறிதாக்கி அழுத்தத்தைக் கூட்டினார்கள். டர்போ வைத்துக் காற்றைக் கூட்டினார்கள். 1930களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பையும் நாசிலையும் ஒன்றாக்கி யூனிட் இன்ஜெக்டர் செய்தது. 1995இல் ஜப்பானில் டென்ஸோ, ஹினோ லாரிக்குக் காமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தது. இன்றைய பி.எஸ்.6 லாரிகளில் அழுத்தம் 2000 பாரைத் தொடுகிறது. 200 எங்கே, 2000 எங்கே!

மாணவனிடம் மறுநாள் சொன்னது இதுதான். முதலில் ஏர் பில்டர், டீசல் பில்டர், டர்போ குழாய்க் கசிவு மூன்றையும் பார். பிறகு இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்து அழுத்தம், தெளிப்பு, சொட்டு மூன்றையும் பார்க்கச் சொல். மாற்ற வேண்டுமென்றால் கம்பெனி சொன்ன அதே எண்ணைப் போடு. நாசிலில் 'டிஎல்எல்ஏ' எழுத்துக்குப் பின் வரும் முதல் எண் தெளிப்புக் கோணம். 150 இருந்த இடத்தில் 140 போட்டால் எண்ணெய் பிஸ்டன் குழியில் தப்பான இடத்தில் விழும். காமன் ரெயில் வண்டி என்றால், புது இன்ஜெக்டரின் குறியீட்டை வண்டியின் கம்ப்யூட்டரில் பதியச் சொல். கூடுதல் பாரம்தான் இழுக்க வேண்டுமென்றால், அதற்கென்று செய்த பெரிய இன்ஜின் வண்டியை வாங்கு.

நேற்று மறுபடி அழைத்தான். ஆறில் இரண்டு இன்ஜெக்டர் சொட்டியதாம். அதே எண்ணில் மாற்றியிருக்கிறான். "புகை நின்னுடுச்சு சார், மேட்டில் பழையபடி இழுக்குது" என்றான்.

அப்பா இருந்திருந்தால் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார். எனக்குத்தான் கண் கலங்கியது.

லாரி வைத்திருக்கும் என் பிள்ளைகள் எல்லோரும் இதைப் படியுங்கள். பத்திரமாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்.